டாங்க் மாடல் லென்ஸுக்கு எது சரி: ரெசினா, எபாக்ஸியா, நிஜ கண்ணாடியா?

1/35 ஸ்கேல்ல, அதாவது நிஜத்துல 35ல ஒரு பங்கு அளவுல, ஒரு டி-72 டாங்க் மாடல் கிட்டத்தட்ட முடிச்சு வெச்சிருக்கேன், பெயின்ட் ஆச்சு, வாஷ் ஆச்சு, புழுதி பிக்மென்ட் கூட பாதி போட்டாச்சு, ஆனா ஹெட்லைட், பெரிஸ்கோப், கன்னர் சைட் (பீரங்கி சுடறவர் குறிபார்க்கற கருவி) எல்லாம் இன்னும் வெறும் குழியாத்தான் இருக்கு. ரெண்டு வாரமா அப்படியே நிக்குது. இந்த தடவை லென்ஸ்ல அவசரப்படக்கூடாதுன்னு இருக்கேன், ஏன்னா இதுக்கு முன்னாடி செஞ்ச டாங்க் எல்லாத்துலயும் மத்த வேலை நல்லா வந்து லென்ஸ் மட்டும் ஜிகினா ஒட்டின மாதிரி ஆயிடுச்சு, ஷெல்ஃப் பக்கம் போனா முதல்ல கண்ணு போய் நிக்கறதே அங்கதான். அதனால ஒரு பழைய பிளாஸ்டிக் ஷீட்ல வரிசையா குழி போட்டு, ஒவ்வொரு குழியிலயும் ஒவ்வொரு முறையை டெஸ்ட் பண்ணி, ஜன்னல் ஓரமா வெச்சு காலைல, மதியம், ராத்திரி டியூப்லைட்ல எல்லாம் பார்த்தேன். அந்த ஷீட்டை பார்த்து எனக்கு புரிஞ்சதைத்தான் கீழ எழுதறேன், இதே குழப்பத்துல இருக்கறவங்களுக்கு உதவும்.

மெட்டீரியலுக்கு போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், எல்லாமே இதுல இருந்துதான் வருது. நிஜ கண்ணாடி தன் மேல விழற வெளிச்சத்துல ஒரு பரப்புக்கு சுமார் 4 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும், மிச்சம் எல்லாம் உள்ள போயிடும். அப்போ வெளிய இருந்து பார்க்கறப்போ நமக்கு தெரியறது கண்ணாடி இல்ல, கண்ணாடிக்கு பின்னாடி என்ன இருக்கோ அதுதான். பின்னாடி வெள்ளி ரிஃப்ளெக்டர் இருந்தா ஹெட்லைட் மாதிரி மின்னும், பின்னாடி இருட்டு ரூம் இருந்தா கறுப்பா தெரியும், மேல சின்னதா ஒரு வெளிச்சக் கீற்று மட்டும் ஓடும். பகல்ல ரோட்ல நின்னு எதிர்வீட்டு ஜன்னலைப் பாருங்க, கறுப்பாத்தான் இருக்கும். நாம எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா லென்ஸ்னு சொன்ன உடனே சில்வர் பெயின்ட்டை எடுத்துடறோம். டாங்க்ல இருக்கற கண்ணாடியில பாதிக்கு மேல பெரிஸ்கோப்தான், அதுக்குப் பின்னாடி இருக்கறது வண்டிக்குள்ள இருக்கற இருட்டு, அங்க சில்வருக்கு வேலையே இல்ல.

பெரிஸ்கோப் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா இது இன்னும் தெளிவாகும். போலந்து இஞ்சினியர் ருடால்ஃப் குண்ட்லாக் 1936ல பேட்டன்ட் எடுத்த டாங்க் பெரிஸ்கோப்தான் அப்புறம் பிரிட்டன்ல விக்கர்ஸ் கம்பெனி கைக்கு போய், சோவியத்ல எம்கே-4னு டி-34 டாங்க் மேல எல்லாம் உட்கார்ந்தது. உள்ள இருக்கறவர் தலையை வெளிய நீட்டாம, மேல ஒரு சாய்வுக் கண்ணாடி, கீழ ஒரு சாய்வுக் கண்ணாடி வழியா வெளிய பார்க்கறார். நாம வெளிய இருந்து அதுக்குள்ள பார்த்தா அதே வழியில நம்ம பார்வை கீழ இறங்கி டாங்க் உள்ளத்தான் போகும், அங்க வெளிச்சம் இல்ல. அதனால பெரிஸ்கோப்போட இயல்பான நிறம் ஆழமான கறுப்பு, கெட்டிக் கண்ணாடிங்கறதால அதுல ஒரு பச்சை சாயல், மேல வானத்தோட ஒரு நீலக் கோடு, அவ்வளவுதான்.

ஹெட்லைட் கதை வேற. அதுக்கு ரெஃபரன்ஸ் தேடி மியூசியம் போக வேண்டாம், தெருவுல நிக்கற புல்லட் போதும். புல்லட், அம்பாசடர், பழைய ஜீப் எல்லாத்துலயும் வர்ற அந்த 7 இன்ச் ரவுண்டு லைட்டை ஒரு நாள் குந்தி உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்தேன். முதல்ல தெரியறது கண்ணாடி இல்ல, உள்ள கிண்ணம் மாதிரி குழிஞ்சு போற ரிஃப்ளெக்டர், நடுவுல பல்பு, அதுக்கு முன்னாடி ஒரு மூடி. கண்ணாடி கொஞ்சமாத்தான் வெளிய உப்பி இருக்கு, நாம மாடல்ல வைக்கற மாதிரி அரை கோலிகுண்டு உப்பல் கிடையவே கிடையாது. உள்பக்கம் நெடுக்குக் கோடு கோடா ரிப் இருக்கு, அந்த கோடுதான் உள்ள இருக்கற வெள்ளியை உடைச்சு உடைச்சு காட்டுது. தலையை லேசா அசைச்சா வெளிச்சம் ஒரு ரிப்ல இருந்து அடுத்த ரிப்புக்கு தாவும். 7 இன்ச்ங்கறது 178 மி.மீ, 1/35ல 5.1 மி.மீ, அந்த அளவுக்குள்ள இது எல்லாத்தையும் கொண்டு வரணும்.

சரி, இனி ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

முதல்ல எல்லார் வீட்லயும் இருக்கற வெள்ளை பசை, அதாவது பிவிஏ. மாடல் கடையில கிறிஸ்டல் க்ளியர்னு ஜன்னல் போடறதுக்குன்னே விக்கற திரவமும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்யும். டூத்பிக்ல தொட்டு ஓட்டையோட ஓரத்துல சுத்தி தடவி, நடுவுக்கு இழுத்தா சோப்பு நுரை மாதிரி ஒரு படலம் நிக்கும், காய்ஞ்சா தெளிவாயிடும். பெரிய நல்லது என்னன்னா தப்பா போச்சுன்னா ஈரத்துணியில துடைச்சுட்டு திரும்ப போடலாம், பெயின்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது, புகை படியாது. கெட்டது, அதுல பெரும்பகுதி தண்ணி, காய்ஞ்சா சுருங்கி உள்ள குழிஞ்சுடும், உப்பல் வேணும்னா மூணு நாலு கோட்டிங் போடணும், ஒவ்வொண்ணும் நல்லா காயணும். நம்ம ஊர் மழைக்காலத்துல இது இன்னும் மோசம். ஒரு நவம்பர்ல ரெண்டு ஹெட்லைட்டை பசையில ரொப்பி ஷெல்ஃப்ல வெச்சேன், ஒரு வாரம் கழிச்சும் நடுவுல பால் கலந்த மாதிரி வெள்ளையாவே இருந்துச்சு, வெயில் வந்தப்புறம்தான் தெளிஞ்சது, அடுத்த அடைமழைக்கு மறுபடி மங்கிடுச்சு. அதனால கெட்டியா ரொப்பற இடத்துக்கு இது வேண்டாம், 1/72ல இருக்கற சின்ன சின்ன பார்வைத் துவாரத்துக்கு, லாரி கேபின் பக்க ஜன்னலுக்கு மெல்லிசா ஒரு படலமா போடறதுக்கு இதை விட சுலபமானது கிடையாது.

ரெண்டாவது எபாக்ஸி, ஹார்டுவேர் கடையில ரெண்டு டியூப்பா வர்றது. சுருங்காது, கெட்டியா நிக்கும், ஒரே சொட்டுல அழகான உப்பல் வரும். ஆனா அஞ்சு நிமிஷத்துல செட் ஆகற வகையில கலக்கறப்போ குமிழி உள்ள போயிடும், அது மேல வந்து உடையறதுக்குள்ள கெட்டியாயிடும், 5 மி.மீ லென்ஸ்ல ஒரு குமிழி இருந்தா அது நிஜ ஸ்கேல்ல எலுமிச்சம்பழம் சைஸ். மெதுவா செட் ஆகற வகை இதுக்கு நல்லது, குமிழி தானா வெளியேற நேரம் கிடைக்கும், கலக்கினதை லேசா சூடு காட்டினா இளகி இன்னும் சீக்கிரம் தெளியும். ரெண்டு டியூப்பும் சம அளவு இருக்கணும், நமக்கு தேவைப்படறதோ ஒரு கடுகு அளவு, கடுகு அளவுல சரிசமமா பிழியறது ரொம்ப கஷ்டம், அதனால தேவையை விட பத்து மடங்கு கலந்து மிச்சத்தை வீணாக்கறதுதான் பாதுகாப்பு, இல்லன்னா ஒரு மாசம் கழிச்சும் விரல் ஒட்டும். இன்னொண்ணு, எபாக்ஸி வருஷக்கணக்குல மஞ்சளாகும். ஜன்னல் பக்கம் வெச்ச என்னோட பழைய ஷெர்மன் டாங்க் ஒண்ணுல ஹெட்லைட் ரெண்டும் இப்போ டீ டிகாஷன் நிறத்துல இருக்கு. பழைய வண்டின்னு சொல்லி சமாளிக்கலாம்தான், ஆனா நான் அப்படி செய்யணும்னு நினைச்சு செய்யல, அது மனசுக்கு உறுத்துது.

மூணாவது யூவி ரெசின், இப்போ எல்லாரும் சொல்றது இதைத்தான், காரணம் இருக்கு. ஒரே பாட்டில், கலக்கற வேலை இல்ல, வெளிச்சம் படற வரைக்கும் திரவமாவே இருக்கும், அதனால ஊசியால குமிழியை நிதானமா குத்தி வெளிய எடுக்க நேரம் இருக்கு, சரின்னு தோணின அப்புறம் நெய்ல் பாலிஷுக்கு வர்ற லைட்டோ, 405 நானோமீட்டர் டார்ச்சோ காட்டினா ஒரு நிமிஷத்துல கல்லு. சென்னை வெயில்ல மொட்டை மாடியில வெச்சா லைட்டே தேவை இல்ல. ஆனா அதனாலயே ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வேலை செய்யக்கூடாது, டூத்பிக்ல எடுத்த சொட்டு லென்ஸுக்கு போறதுக்குள்ள கெட்டிப்பட ஆரம்பிக்கும். பாட்டிலை வெந்நீர்ல ரெண்டு நிமிஷம் வெச்சு எடுத்தா ரெசின் தண்ணி மாதிரி இளகி குமிழி குறையும், இது எனக்கு ரொம்ப உதவின விஷயம்.

இதுல ரெண்டு சிக்கல். ஒண்ணு, காத்து படற மேல்பரப்பு சரியா செட் ஆகாம பிசுபிசுன்னு நிக்கும், ஆக்சிஜன்தான் காரணம், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால ஒரு தடவை துடைச்சா போயிடும், ஆனா பக்கத்துல அக்ரிலிக் பெயின்ட் இருந்தா அதையும் சேர்த்து எடுத்துடும், கவனம். ரெண்டாவது, செட் ஆகறப்போ இது கொஞ்சம் சுருங்கும். ஹெட்லைட் கிண்ணத்தை ஒரே தடவையில முழுசா ரொப்பி லைட் அடிச்சா, சுருங்கற ரெசின் அடியில ரிஃப்ளெக்டருக்கு ஒட்டியிருக்கற ஃபாயிலை விட்டு லேசா விலகி நடுவுல காத்து இடைவெளி விழும், மேல இருந்து பார்த்தா பாதி லென்ஸ் பளபளன்னும் பாதி மங்கலாவும் தெரியும். என் டெஸ்ட் ஷீட்ல நாலு குழியில ரெண்டுல இது வந்துச்சு. அதனால மெல்லிசா ரெண்டு மூணு தடவையா போடணும், இல்லன்னா நான் இப்போ செய்யற மாதிரி கிண்ணத்தை ரொப்பவே கூடாது, அதைப் பத்தி கொஞ்சம் கழிச்சு சொல்றேன்.

ரெடிமேடா வாங்கற லென்ஸ் பத்தி சீக்கிரம் சொல்லி முடிச்சுடறேன். ரயில் மாடல்காரங்களுக்காக எம்விங்கற பேர்ல பின்னாடி கண்ணாடி பூச்சோட சின்ன லென்ஸ் வரும், ரொம்ப வருஷமா டாங்க் மாடல்காரங்களும் அதை வாங்கறாங்க, தரத்துல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. நமக்கு ஷிப்பிங்தான் வலிக்கும், அதோட வர்ற சைஸுக்கு ஏத்த மாதிரி நம்ம ஓட்டையை மாத்தணும். ஆரி ஒர்க் சாமான் விக்கற கடையில 3, 4, 5 மி.மீ அளவுல வெட்டு இல்லாத வழுவழு கல் கிடைக்கும், அடி தட்டையா மேல உப்பலா இருக்கும், அவசரத்துக்கு ஹெட்லைட்டுக்கு உதவும், ஆனா உப்பல் அதிகம், பட்டை தீட்டின கல்லை மட்டும் வாங்கிடாதீங்க, நகை மாதிரி தெரியும்.

க்ளியர் ஸ்ப்ரூ (கிட்ல பார்ட்ஸ் ஒட்டிட்டு வர்ற சட்டத்தோட தெளிவான பிளாஸ்டிக் குச்சி), ஃபைபர் ஆப்டிக் நூல், இது ரெண்டும் சின்ன லைட்டுக்கு. க்ளியர் ஸ்ப்ரூவை மெழுகுவர்த்தி மேல காட்டி இழுத்து மெல்லிசாக்கி, நுனியை ஊதுபத்தி கங்குக்கு பக்கத்துல கொண்டு போனா, தொடக்கூடாது, பக்கத்துல மட்டும், நுனி தானா உருண்டு குட்டிக் காளான் மாதிரி ஆகும். அதை பின்னாடி இருந்து ஓட்டையில சொருகினா சைடு லைட், கான்வாய் லைட் ரெடி. தெளிவு பிரமாதம், ஏன்னா இது உருகி தானா வழவழப்பாகுது, நாம பாலிஷ் பண்ணல. பாலிஸ்டைரீன் சாதாரண கண்ணாடியை விட வெளிச்சத்தை கொஞ்சம் அதிகமாவே வளைக்கும், அதனால அடியில கறுப்பு வெச்சா நல்ல ஆழம் கிடைக்கும். பின்பக்க லைட்டுக்கு டாமியா கம்பெனியோட எக்ஸ்-27 சிவப்பு, இண்டிகேட்டர் இருந்தா எக்ஸ்-26 ஆரஞ்சு, ரெண்டும் ட்ரான்ஸ்பரன்ட் பெயின்ட், அதை இந்த ஸ்ப்ரூ நுனிக்கு அடிப்பக்கம் தடவணும், மேல தடவினா மிட்டாய் மாதிரி ஆயிடும்.

இப்போ என் மனசுக்கு ரொம்ப பிடிச்சதுக்கு வர்றேன், மைக்ராஸ்கோப் கவர் ஸ்லிப். லேப் சாமான் விக்கற கடையில நூறு நூறா சின்ன டப்பாவுல கிடைக்கும், நிஜ கண்ணாடி, கனம் 0.13ல இருந்து 0.17 மி.மீ. 0.17ஐ 35 ஆல பெருக்கினா 6 மி.மீ, அதாவது ஒரு லாரியோட முன் கண்ணாடி கனம். இந்த கணக்கு தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல, பிளாஸ்டிக்ல நாம என்ன பண்ணாலும் அது கண்ணாடி மாதிரிதான், இதுவோ கண்ணாடியேதான்!

வெட்டறது பழகணும். வழவழப்பான டைல்ஸ் துண்டு மேல கவர் ஸ்லிப்பை வெச்சு, ஸ்டீல் ஸ்கேல் பிடிச்சு, டயமண்ட் முனை ஸ்க்ரைபரால ஒரே ஒரு கோடு, அழுத்தமே இல்லாம, பூனை நகம் பட்ட மாதிரி ஒரு கீச்சு சத்தம் மட்டும் கேட்கணும். ரெண்டாவது தடவை அதே கோட்டுல போனா சுக்கலாயிடும். அப்புறம் கோட்டுக்கு அடியில ஒரு தலைமுடி கனத்துக்கு கம்பி வெச்சு ரெண்டு பக்கமும் டூத்பிக்கால லேசா அழுத்தினா டிக்னு பிரியும். எனக்கு முதல் இருபதுல நாலுதான் உருப்படியா வந்துச்சு, இப்போ மூணுல ரெண்டு வருது. கண்ணுக்கு கண்டிப்பா காகிள்ஸ் போடணும், கீழ வெள்ளை பேப்பர் விரிக்கணும், வேலை முடிஞ்ச உடனே செல்லோ டேப்பால மேஜையை ஒத்தி எடுத்து, அந்த டேப்பை மடிச்சு தனியா போடணும், இந்த சில்லு கண்ணுக்கே தெரியாது, வீட்ல சின்ன பசங்க தவழ்ந்தா இந்த வேலையே வேண்டாம்.

வெட்டின துண்டை ஈரமான டூத்பிக்கால தொட்டா ஒட்டிட்டு வரும், பெரிஸ்கோப் முகத்துல வெச்சு ஓரத்துல பிவிஏ பசை ஒரு புள்ளி. பின்பக்கம் கறுப்பு அடிச்சிருக்கணும், அதுக்கு முன்னாடி எக்ஸ்-25 க்ளியர் பச்சையை எக்ஸ்-19 ஸ்மோக்கோட கலந்து மெல்லிசா ஒரு கோட் கண்ணாடியோட பின்பக்கமே குடுத்தா அந்த கெட்டிக் கண்ணாடி பச்சை வந்துடும். டாங்க்கை கையில எடுத்து திருப்பறப்போ வரிசையா இருக்கற பெரிஸ்கோப்ல டியூப்லைட் ஒவ்வொண்ணா ஓடி மறையும் பாருங்க, எந்த வார்னிஷும் அப்படி ஒரு தட்டையான, நேர்கோட்டு பிரதிபலிப்பை தராது, பிரஷ்ல போட்ட பரப்பு எப்பவும் ஓரத்துல கொஞ்சம் மேடாகி அந்த கோட்டை வளைச்சுடும்.

கிட்ல பெரிஸ்கோப் திடமா மோல்ட் ஆகி இருந்தா, அதுவும் ஆழமான மூடிக்குள்ள இருந்தா, கண்ணாடி வைக்க இடமே இருக்காது. அங்க பெயின்ட் வழிதான், அதைக் குறைவா நினைக்க வேண்டாம். க்ளாஸ் கறுப்பு, காய்ஞ்சதும் கீழ் பாதியில ரொம்ப இருண்ட நீலப்பச்சை, மேல எக்ஸ்-22 க்ளியர் ரெண்டு கோட். 1/72ல நான் கண்ணாடியை யோசிக்கவே மாட்டேன், இதேதான், வேணும்னா மேல் மூலையில ஒரு வெளிர்நீலக் கோடு. 1/35ல அந்த ஹைலைட் கோட்டை வரையாதீங்க, நிஜ வெளிச்சம் ஒரு பக்கம் வர்றப்போ வரைஞ்ச வெளிச்சம் இன்னொரு பக்கம் நின்னு ரெண்டும் முட்டிக்கும்.

கன்னர் சைட் தனி ஜாதி. அதுக்கு உங்க கையில இருக்கற போனோட கேமரா லென்ஸ்தான் ரெஃபரன்ஸ். நேரா பார்த்தா கறுப்பு, சாய்ச்சா ஊதா, இன்னும் சாய்ச்சா பச்சை, அது பிரதிபலிப்பைக் குறைக்கற கோட்டிங். லெபர்ட் 2, ஏப்ராம்ஸ் மாதிரி வண்டிங்கள்ல லேசர்ல இருந்து கண்ணைக் காக்கற ஃபில்டரும் சேர்ந்து சில கோணத்துல தங்கம், ரோஜா நிறமெல்லாம் அடிக்கும். இதுக்கு கிஃப்ட் சுத்தற நிறம் மாறும் பாலிதீன் காகிதத்தை கறுப்பு மேல ஒட்டி அதுக்கு மேல கவர் ஸ்லிப் வெச்சா நெருங்கி வரும். முழு லென்ஸும் வானவில் மாதிரி மின்னினா அதிகம், காகிதத்தோட அடியில ஸ்மோக் ஒரு கோட் குடுத்து அடக்கணும். இந்த விளைவை ரெண்டாம் உலகப்போர் டாங்க்ல போட்டுடாதீங்க. டைகர், பான்தர் காலத்துல இப்படி நிறம் நிறமா அடிக்கற கோட்டிங்கும் கிடையாது, லேசர் ஃபில்டரும் கிடையாது.

டி வரிசை டாங்க் செய்யறவங்களுக்கு இன்னொரு முக்கியமான விஷயம். டி-72ல மெயின் கன் பக்கத்துல பெரிய வட்ட விளக்கு ஒண்ணு இருக்கும், லூனாம்பாங்க, பழைய உரால் மாடல்ல கன்னுக்கு இடது பக்கம், டி-72ஏல இருந்து வலது பக்கம். அது இன்ஃப்ராரெட் லைட், முன்னாடி இருக்கற ஃபில்டர் கண்ணுக்கு தெரியற வெளிச்சத்தை தடுக்கும், அதனால அணைஞ்சிருக்கறப்போ கிட்டத்தட்ட கறுப்பாத்தான் தெரியும். எத்தனை மாடல்ல அதுக்குள்ள பளபளன்னு குரோம் வெச்சு வெள்ளை லென்ஸ் போட்டிருக்காங்க, பார்க்கறப்போ பாவமா இருக்கும், மத்த வேலை அவ்வளவு அருமையா இருக்கும். டி-90ல கன்னுக்கு ரெண்டு பக்கமும் வர்ற சிவப்புக் கண்ணு ஷ்டோரா சிஸ்டம், எதிரி ஏவுகணையை குழப்பற கருவி, எல்லாருக்கும் அதை செய்யத்தான் ஆசை, ஆனா நம்ம ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில செஞ்ச பீஷ்மா டி-90ல ஷ்டோரா கிடையாது. ரஷ்ய டி-90ஏ கிட்டை எடுத்து பீஷ்மா செய்யறவங்க அந்தக் கண்ணை முதல்லயே எடுத்துடணும், அதுக்கு எவ்வளவு அழகா லென்ஸ் செஞ்சாலும் தப்புதான்.

இப்போ என் டி-72க்கு என்ன முடிவுன்னா, இது அஜேயா, ஆவடியில லைசென்ஸ்ல கட்டின டி-72எம்1. வெள்ளை ஹெட்லைட்டுக்கு யூவி ரெசினும் வேணும், ரொப்பவும் கூடாதுன்னு சொன்னேன்ல, அது இப்படி. திடமா இருக்கற கிட் ஹெட்லைட்டை உருண்டை முனை பர்ரால கிண்ணமா குடைஞ்சுக்கறேன், பல் டாக்டர் நண்பர் தூக்கிப் போட இருந்த பழைய பர் இதுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு. உள்ள ரிஃப்ளெக்டருக்கு சமையலறை ஃபாயில், பால்பாயின்ட் பேனாவோட உருண்டை மூடியால நிதானமா அழுத்தினா கிண்ணத்தோட படிஞ்சுடும். மோலோடோ குரோம் பேனா ஃபாயிலை விட வழவழப்பா வரும், ஆனா அது முழுசா காய பல நாள் ஆகும், மேல எதைப் பூசினாலும் மங்கும், அதனால குரோம் வேணும்னா அது மேல ரெசின் படவே கூடாது. நடுவுல பல்புக்கு உருண்ட ஸ்ப்ரூ நுனி. கிண்ணம் காலியாவே இருக்கட்டும், உள்ள காத்து இருந்தாத்தான் ஆழம் தெரியும்.

மேல மூடிக்கு 5 மி.மீ தோல் பஞ்ச்சால ஓஎச்பி ஷீட்ல (ப்ரொஜெக்டருக்கு வர்ற தெளிவான பிளாஸ்டிக்) ஒரு வட்டம் வெட்டி, அதோட அடிப்பக்கம் ஊசியால அரை மி.மீ இடைவெளியில நெடுக்குக் கோடு கீறி, மேல்பக்கம் யூவி ரெசின் ஒரே ஒரு சின்ன சொட்டு. வட்டத்தோட ஓரம் வரைக்கும் ஊசியால இழுத்து விட்டா ரெசின் அங்க தானா நின்னுடும், விளிம்பைத் தாண்டி வழியாது, பரப்பு இழுவிசையே ஒரு மெல்லிய உப்பலை செஞ்சு குடுக்கும். பிடிக்கலன்னா தூக்கிப் போட்டு இன்னொண்ணு, மாடல் மேல கையே வைக்கல, இதுதான் இந்த வழியில எனக்கு பெரிய நிம்மதி. பத்து செஞ்சு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். என் டெஸ்ட் ஷீட்ல புல்லட் லைட்டுக்கு நெருக்கமா வந்தது இது ஒண்ணுதான், தலையை அசைச்சா வெளிச்சம் கோட்டுக்கு கோடு தாவுது.

லூனாவுக்கும் இன்னொரு பக்கத்து இன்ஃப்ராரெட் ஹெட்லைட்டுக்கும் உள்ள மேட் கறுப்பு, மேல அதே மாதிரி வட்டம், அடிப்பக்கம் ஸ்மோக் மூணு கோட், அதுல துளி எக்ஸ்-27 சிவப்பு. பெரிஸ்கோப் எல்லாத்துக்கும் கவர் ஸ்லிப். டிபிடி-கே1ங்கற கன்னர் சைட்டோட கண்ணாடிக்கு கறுப்பு, மேல கவர் ஸ்லிப், ஊதா சாயல் தர்ற காகிதம் போடலாமா வேண்டாமான்னு டெஸ்ட் ஷீட்ல இன்னும் ரெண்டு நாள் பார்க்கணும், இப்போதைக்கு வேண்டாம்னுதான் தோணுது.

ஒட்டறப்போ சூப்பர் க்ளூ பக்கத்துலயே வரக்கூடாது, அதோட ஆவி க்ளியர் பிளாஸ்டிக் மேல வெள்ளையா பனி மாதிரி படியும், அப்புறம் பாலிஷ் பண்ணித்தான் எடுக்கணும், கிண்ணத்துக்கு உள்பக்கம் படிஞ்சா எடுக்கவே முடியாது. எல்லா ஒட்டும் பிவிஏதான். மேட் வார்னிஷ் முழு டாங்க்குக்கும் அடிச்சு முடிச்சப்புறம்தான் லென்ஸ் உள்ள போகணும், முன்னாடியே வெச்சுட்டா ஒவ்வொண்ணுக்கும் மாஸ்க் வெட்டணும், ஒண்ணு விலகினாலும் போச்சு.

கடைசியா புழுதி. டாங்க் முழுக்க ராஜஸ்தான் மண் நிறத்துல இருக்கறப்போ லென்ஸ் மட்டும் ஷோரூம் மாதிரி மின்னினா ஒட்டாது, அதே சமயம் ட்ரைவருக்கு எதிர்ல தெரியணுமே, கண்ணாடியை துடைச்சிருப்பார். பிக்மென்ட்டை பிரஷ்ல மெல்லிசா கண்ணாடி மேலயும் சேர்த்து தட்டிட்டு, லேசா ஈரமான இயர்பட்டால நடுவுல ஒரே இழுப்பு, இடமிருந்து வலமா. மூலையில மட்டும் மண் நிக்கும். ட்ரைவர், கமாண்டர், கன்னர் மூணு பேர் கண்ணாடியை மட்டும் அப்படி துடைக்கணும், ஹெட்லைட்டை அப்படியே விடணும், பகல்ல ஓடற வண்டியில ஹெட்லைட்டை யாரும் துடைக்கறதில்ல.